தோணிக்காரனுக்காக வாதாடிய பிற்பகல்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் எனக்கு அப்புக்காத்து என்று பட்டப்பெயர். சென்னையிலிருந்து வந்து ஒஸ்லோவில் கணினி வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி, அது என்ன சாமான் என்று முதல்நாளே என்னிடம் விசாரித்தாள். யாழ்ப்பாணத்தில் வக்கீலை அப்படித்தான் சொல்வோம் என்றேன். நான் சட்டம் படித்தவனல்ல. இருபத்தேழு வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி, முதுகு கைவிட்டதால் வேளைக்கே ஓய்வுக்குப் போனவன். பழைய நாவல்களில் வரும் குற்றவாளிகளுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாடியதால் கிடைத்த பெயர் அது.

மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, நகரின் ஒரு கோடியிலுள்ள ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பொது அறையில் கூடுவோம். ஒன்பது பத்துப் பேர். பழைய நாவல்கள் மட்டும்தான் வாசிப்போம், தமிழில் எழுதப்பட்டவையும் தமிழுக்கு வந்தவையும். பழைய நாவலாசிரியர்களுக்கு ஒரு குணம் உண்டு. முந்நூறு பக்கம் குற்றவாளியோடு கூடவே நடந்து, அவனுடைய பசியையும் பயத்தையும் காட்டி, நம்மை அவன் பக்கம் சாய்த்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் தூக்குமரத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் அவனை முடித்துவிடுவார்கள். எழுதியவருக்கே மனம் கேட்கவில்லை என்பது சில வரிகளில் தெரியும். ஆனாலும் விடமாட்டார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இதனால் எங்களிடம் ஒரு வழக்கம் வந்து சேர்ந்தது. கதைத்து முடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லவேண்டும்: மன்னிப்பா, தண்டனையா. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் தேத்தண்ணீர். மன்னிப்புப் பக்கத்துக்கு நான் தலைமை. தண்டனைப் பக்கத்துக்கு, மருந்துக்கடையில் வேலை செய்யும் என் பழைய நண்பர். அவருக்கு ஒரேயொரு கேள்விதான். செத்துப்போனவர்களுக்காக யார் கதைப்பது என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார். நான் அரைமணி நேரம் கதைப்பேன். அவரைக் கல்நெஞ்சன் என்று பகிடி பண்ணுவேன். என்னுடைய இரக்கத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு குளிர்காலத்தில் ஒரு பெண் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஒஸ்லோவுக்கு மாறியிருந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை. ஏன் மாறினீர்கள் என்று கேட்டதற்கு, இங்கேயும் வேலை கிடைத்தது என்று மட்டும் சொன்னார். கூட்டத்துக்கு வரும்போது கிழங்கும் இறைச்சியும் அடைத்த ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருவார். ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லும் முறை வந்தால், தான் இன்னும் யோசிப்பதாகச் சொல்லித் தப்பிவிடுவார். மதில்மேல் பூனை என்று அவரையும் நான் பகிடி பண்ணினேன். சிரித்துக்கொண்டு ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார்.

நான் வாதாடும்போது அவர் ஒரு சின்னக் கொப்பியில் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். நான் கதைப்பதை எழுதிவைக்கவும் ஒருவர் கிடைத்தாரே என்ற சந்தோசப் புளுகத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டிக் கதைத்தேன். எதற்காக எழுதுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இனிப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பொது அறையில் இரண்டு அலுமாரி நிறைய இருப்பவை, பாதிக்கு மேல் நான் சேர்த்தவை. ஊருக்குப் போய்வருபவர்களின் பெட்டிகளில் சேலைகளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பழைய கலண்டர் தாளில் நானே உறை போட்டேன். கால் தவறிப் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆட்கள்தானே நாங்கள். அத்தோடு, ஊரில் புத்தகங்கள் எரிந்து சாம்பலானதைச் சின்ன வயதில் கண்டவன் நான். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போகும் நாளில் நான் செய்ததற்கு இதுதான் காரணம் என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு நாவலுக்கு ஒரு பிரதிதான் இருக்கும். அடுத்து வாசிக்கப்போவதை இரண்டு மாதம் முந்தியே தீர்மானித்துவிடுவோம். கூட்டத்துக்கு நான்கைந்து நாளைக்கு முன் நான் பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியில் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவேன். அதற்கு முன்னதாகவே அந்தப் பெண் புத்தகத்தை இரவல் வாங்கிப் போய்விடுவார். படத்தில் வாசிக்கக் கண் வலிக்கிறது என்பார். சொன்ன நாளில் திருப்பித் தந்துவிடுவார்.

அந்த முறை எடுத்துக்கொண்டது ஒரு தோணிக்காரனின் கதை. அட்டையும் முதல் தாளும் போன, எழுதியவர் யாரென்றே தெரியாத பழைய நாவல். ஆற்றில் வெள்ளம் வருகிறது. தோணியில் ஏழு பேர். தோணிக்காரன் பயத்தில் அவர்களை நடு ஆற்றில் விட்டுவிட்டு நீந்திக் கரைசேர்ந்து ஓடிவிடுகிறான். ஏழு பேரும் செத்துப்போகிறார்கள். மிச்சக் கதை முழுக்க அவன் ஒளிந்து வாழும் வாழ்க்கை. நான் முன்பே பலதடவை வாசித்ததால் முடிவு எனக்குத் தெரியும். ஊர் அவனைக் கண்டுபிடித்துத் தள்ளிவைக்கிறது. ஒரு வீடும் தண்ணீர் கொடுப்பதில்லை. தான் விட்டு ஓடிய அதே ஆற்றின் கரையில் கிடந்து செத்துப்போகிறான்.

ஒருநாள் மத்தியானம் சுரங்க ரயிலில் அந்தப் பெண்ணைத் தற்செயலாகக் கண்டேன். எங்கேயோ தூரம் போய்விட்டு வருபவர் போலக் களைத்திருந்தார். திறந்திருந்த பையில் தோணிக்காரன் தெரிந்தான். நல்லதாகப் போயிற்று, தாருங்கள், இன்றைக்கே படமெடுத்துவிடுகிறேன் என்றேன். நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேனே என்றார். நாளைக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று சிரித்தபடி நானே பைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டேன். அவர் ஸ்டோவ்னர் வரும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மேசை விளக்கின் கீழ் வைத்துப் படமெடுக்கத் தொடங்கினேன். இருநூற்று எண்பதாம் பக்கத்தோடு புத்தகம் நின்றது. கடைசி இருபத்திரண்டு பக்கம் இல்லை. கிழிபடவில்லை. தையலுக்குப் பக்கத்தில் பிளேட்டால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.  என் மனைவி வந்து பார்த்தாள். போன் எடுத்துத் தனியாகக் கேளுங்கள், என்ன பிரச்சினையோ தெரியாது என்றாள். நான் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்பேன் என்றேன். அதற்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் என்னென்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து இருந்ததும் புத்தகத்தை மேசை நடுவில் வைத்து, வெட்டிய இடத்தைத் திறந்து காட்டினேன். யாருடைய கையில் கடைசியாக இருந்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். அந்தப் பெண் ரோல்ஸ் தட்டின் மூடியைத் திறக்கப் போனவர், அப்படியே கையை எடுத்தார்.

"ஓம், நான்தான் வெட்டினனான்," என்றார். "திருப்பித் தருவன். கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை."

ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.  மருந்துக்கடை நண்பர் என் முழங்கையைத் தொட்டு, ஆறுதலாகக் கேட்போமே என்றார். தண்டனைப் பக்கத்துத் தலைவர் அவர். நான் கையை உதறினேன்.

"புத்தகத்தை வெட்டுற ஆக்களோடை ஒரு மேசையிலை இருந்து எனக்குக் கதைக்கேலாது," என்றேன்.

ஒருவரை எழுப்பி அனுப்புவதற்குத் தோதான நாடல்ல இது, அதுவும் தை மாதத்தில். அவர் வாசலுக்குப் போய், பனிச் சப்பாத்துகளை ஒவ்வொன்றாக மாட்டி, அவற்றின் சிப்பை மேலே இழுத்து, கழுத்துத் துணியைச் சுற்றி, மேலங்கியை எடுத்தார். ஒரு கை உள்ளே போகவில்லை. அங்கியின் கை உள்பக்கமாகப் புரண்டிருக்கவேண்டும். அதோடு நெடுநேரம் போராடினார். நாங்கள் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் எழும்பிப் போய்ப் பிடித்துவிடவில்லை.

கதவு சாத்தியபிறகு நான் கூட்டத்தை நடத்தினேன். பக்கங்கள் இல்லாததால் முடிவை நானே வாயால் சொன்னேன். பிறகு தோணிக்காரனுக்காக வாதாடினேன். பயம் எவனுக்கும் வரும், ஒரு நிமிடத்துப் பயத்துக்கு ஒரு மனிதனை ஆயுள் முழுக்க வாசலுக்கு வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்று கேட்டேன். அன்றைக்கு மிக நன்றாகக் கதைத்தேன். சென்னைப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோல்ஸ் மேசையில் ஆறிக் கிடந்தது. தேத்தண்ணீர் குடித்தோம், ரோல்ஸை யாரும் தொடவில்லை.

ஒரு கிழமைக்குள் தபாலில் ஒரு கடித உறை வந்தது. உள்ளே மெல்லிய தாளில் சுற்றி, மடியாமல், அந்த இருபத்திரண்டு பக்கமும் இருந்தன. கூட ஒரு துண்டு: ஒட்டித் தருவதாக இருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒட்டித் தருவதாகவா என்று யோசித்தேன். அலுமாரியைத் திறந்து, அவர் முன்பு வாங்கிப்போன புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றின் கடைசிப் பக்கங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு புத்தகங்களில் கடைசி அத்தியாயம் வெட்டப்பட்டு, கோதுமை மாப் பசையால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். நானே உறை போட்டு, நானே படமெடுத்த புத்தகங்கள். ஒருநாளும் நான் கவனித்ததில்லை. நான்கிலும் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி தண்டனை அடைகிறான். குற்றவாளி தப்பிப் பிழைக்கும் கதைகளை அவர் தொடவில்லை.

அடுத்த நாள் காலமை அவருடைய வீட்டு மணியை அடித்தேன். எங்களிடமிருந்து இரண்டு கட்டிடம் தள்ளித்தான் இருந்தார். கதவைத் திறந்து, வாருங்கள் அண்ணை என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. குசினி மேசையில் இருத்தித் தேத்தண்ணீர் வைத்தார். நான் புத்தகங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி நின்று சொன்னார்.

"என்ரை மகன் மறியல் வீட்டிலை இருக்கிறான், அண்ணை."

துரொண்ட்ஹெய்மில் ஒரு மாலை, அவருடைய மகன் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, வீதியைக் கடந்துகொண்டிருந்த ஒரு வயதான மனிதரை அடித்துவிட்டான். நிற்பாட்டவில்லை. ஓடிவிட்டான். அந்த மனிதர் அங்கேயே இறந்துபோனார். அடுத்தநாள் தாய்தான் மகனைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். பிறகு அவனை ஒஸ்லோவுக்குக் கிட்டவுள்ள சிறைக்கு மாற்றியதும், வேலையை விட்டு, வீட்டை விட்டு, இங்கே வந்துவிட்டார்.

என் நெஞ்சில் முதலில் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். இருபத்தேழு வருடம் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஒரு பயத்தோடு இருந்தவன் நான். அடித்துவிட்டு நிற்பாட்டாமல் போன ஓட்டுநரை என்னால் மன்னிக்க முடியாது என்று, ஏதோ ஒரு செய்தியைப் பற்றிக் கதை வந்தபோது, அவர் இருந்த கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அந்தக் குசினியில்தான் நினைவு வந்தது. அவருக்கு முதலே நினைவிருந்திருக்கும்.

கிழமைக்கு ஒருமுறை மகனைப் பார்க்கப் போவாராம். நாங்கள் வாசிப்பதைத் தானும் வாசிக்கவேண்டும் என்று அவன்தான் கேட்டிருக்கிறான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்த பிள்ளை. அதனால் அவர் புத்தகத்தை முதலே இரவல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் தூக்கில் முடிவதையும் ஆற்றில் முடிவதையும் அவன் கையில் கொடுக்க அவருக்குப் பயம். அந்த அறையில் அதை வாசித்துவிட்டுத் தனியே இருக்கும் பிள்ளை என்ன செய்வான் என்ற பயம். அதனால் கடைசி அத்தியாயத்தை வெட்டி வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தானே ஒரு முடிவை வரித்தாளில் எழுதி வைப்பார். அதில் குற்றவாளி வீட்டுக்குத் திரும்பி வருவான். வேறு புத்தகம் கொடுத்திருக்கலாமே என்றேன். மற்றதைக் கொடுத்தால் நீங்கள் வாதாடுவது அவனுக்கு விளங்காதே என்றார்.

கூட்டம் முடிந்து போனதும் நான் வாதாடியதை அப்படியே மகனுக்குச் சொல்வாராம். அதற்குத்தான் அந்தக் கொப்பி. போனவுடனே அவன் கேட்பது, இந்தமுறை அப்புக்காத்து மாமா என்ன சொன்னவர் என்றுதான். தோணிக்காரனை வாசிக்கும் அந்த ஞாயிறு, எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். என்னை ஒருமுறை மகனைப் பார்க்கக் கூட்டிப்போகலாமா என்று கேட்கவும் இருந்தார். அதற்காகவே அன்றைக்கு ரோல்ஸ் வழக்கத்தைவிடக் கூடப் பொரித்தாராம். 

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கென்ன அண்ணை என்றார். அந்தமுறை கூட்டத்தைப் பற்றி மகனுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தோணிக்காரனுக்கு நீங்கள் நல்லாக் கதைச்சதெண்டு ஆக்கள் சொன்னவை. அதைச் சொன்னனான்," என்றார். கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் பக்கத்தை வெட்டினதைக் கண்டுபிடிச்சும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, மன்னிச்சுவிட்டீங்கள் எண்டும் சொன்னனான்," என்றார்.

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எனக்கும் ஒரு முடிவை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. விரும்பினால் இப்போதும் வருகிறேன் என்றேன். வரலாம், ஆனால் அதை மாற்றிச் சொல்லிவிடாதேங்கோ என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

விண்ணப்பம் போட்டு அனுமதி வர ஐந்து கிழமை எடுத்தது. இந்த நாட்டுச் சிறையை ஹொட்டல் என்று எங்கள் ஆட்கள் நக்கலடிப்பதைக் கேட்டிருக்கிறேன், நானும் அடித்திருக்கிறேன். சந்திக்கும் அறையில் ஒரு சோபா, ஒரு மேசை, கம்பியில்லாத ஒரு யன்னல் இருந்தன. மகன் எழும்பி நின்று கைகொடுத்தான். தாயின் முகம். மாமா என்றுதான் கூப்பிட்டான். கொஞ்சநேரம் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அவன் நேரே விசயத்துக்கு வந்தான்.

"அம்மா எழுதின முடிவிலை தோணிக்காரன் வீட்டை வந்து சாப்பிடுறான். ஏழு பேரின்ரை வீட்டுக்கும் அவன் போகேல்லை. அது பிழை, மாமா," என்றான். "உண்மையான முடிவு என்ன?"

நான் தாயைப் பார்த்தேன். அவர் மடியில் வைத்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லட்டுமா என்று கேட்டேன். மெதுவாகத் தலையாட்டினார். ஊர் தள்ளிவைத்ததையும், தண்ணீர் கொடுக்காததையும், ஆற்றங்கரையையும் சொன்னேன். வாதாடவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கதையை வாதாடாமல் சொன்னது அன்றைக்குத்தான். அவன் அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன் என்றான். தான் அந்த மனிதரின் மனைவிக்கு மூன்று கடிதம் எழுதியதாகவும், ஒன்றையும் அனுப்பவில்லை என்றும் சொன்னான். அதை அவனுடைய தாய் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார் என்று நினைக்கிறேன். செத்துப்போனவர்களுக்காக யார் கதைப்பது என்ற என் நண்பரின் கேள்வியை அவனிடம் சொல்ல வாய்வரை வந்தது. அவனுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

நேரம் முடிந்து நாங்கள் எழும்பியபோது அவன் மறுபடியும் என் கையைப் பிடித்தான்.

"அம்மாவை அண்டைக்கு ஏசாமல் விட்டதுக்குத் தக், மாமா," என்றான். தமிழில் நன்றி சொல்ல இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கூச்சம். அந்தச் சொல்லை மட்டும் நொர்வேஜிய மொழியில்தான் சொல்வார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்னுடைய மனம் லேசாகியிருக்கும். அந்தத் தாயை இரண்டாம் தடவை எழுப்பி அனுப்பியதாகவும் இருந்திருக்கும். ஓம் என்றேன். நான் செய்யாத ஒன்றுக்கு அந்தப் பிள்ளை நன்றி சொன்னான், நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. நான் பலதடவை கேட்டேன். பார்ப்போம் என்றார். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் கண்டால் நின்று கதைப்பார். தோணிக்காரனின் பக்கங்கள் இன்னும் அந்தக் கடித உறைக்குள்தான் இருக்கின்றன. ஒட்டவென்று இரண்டுதரம் பசை காய்ச்சினேன். இரண்டுதரமும் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அன்று திரும்பும்போது சிறையின் வாசலறையில், எங்கள் சாமான்களை வைத்திருந்த பெட்டகத்துக்கு முன்னால் நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு அடிக்கடி நினைவு வரும். மேலங்கியைப் போட முயன்றேன். முதுகு பிடித்துக்கொண்டதால் இடது கை உள்ளே போகவில்லை. இரண்டு மூன்றுதரம் தடவிப் பார்த்தேன். அவர் தன்னுடைய பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அங்கியின் கையைப் பிடித்துவிட்டார்.